பதினோரு உவமையும் ஒரு சைக்கிள் மணியும்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என் வகுப்பறை. செவ்வாய், வெள்ளி இரவுகளில் எட்டு மணிக்கு ஏழு பிள்ளைகள் வருவார்கள். எல்லாரும் நான்காம், ஐந்தாம் படிவம். ஆங்கிலம் மட்டும்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மாமார்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்பது இதைத்தான்: "டீச்சர், பாம்பாஸ்டிக் வர்ட்ஸ் எல்லாம் சொல்லிக் குடுப்பீங்கதானே?"

மலேசியாவில் படித்தவர்களுக்கு இது பழகின சொல். ஆங்கிலம் பிறந்த நாட்டில் ஒருவருடைய எழுத்தை பாம்பாஸ்டிக் என்றால் அது குற்றச்சாட்டு. உள்ளே சரக்கில்லாத முழக்கம் என்று பொருள். இங்கே அது பாராட்டாக மாறிவிட்டது. தேர்வு நெருங்கும்போது கைக்குக் கை போட்டோஸ்டேட் தாள்கள் போகும். சூரியன் பொற்கதிர் வீசும், பறவைகள் பாடும், வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கும், நெற்றியில் வியர்வை முத்துகள் அரும்பும், எல்லாரும் தேனீயைப் போலச் சுறுசுறுப்பாக இருப்பார்கள், சிங்கத்தைப் போல வீரமாக இருப்பார்கள். கட்டுரைத் தலைப்பு எதுவானாலும் இவற்றில் ஆறேழை எடுத்து உள்ளே பொருத்திவிட வேண்டும்.

1994ல், ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வு எழுதியபோது அந்தத் தாள் என்னிடமும் இருந்தது. முழுக்க மனப்பாடம். அதைக் கையைவிட்டு இறக்க எனக்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆனது. பிள்ளைகளுக்கு அவ்வளவு காலம் ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

2009ல் வேலை இடத்துத் தோழி ஒருத்தி என்னை டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். 1924ல் கலிஃபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய பேச்சுப் பயிற்சி மன்றம் அது. கோலாலம்பூரில் அதற்குப் பல கிளைகள். புதிதாகச் சேர்பவர் முதலில் தன்னைப் பற்றி நாலிலிருந்து ஆறு நிமிடம் பேச வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நேரம் காட்டுவார்கள். பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து நிறைகுறை சொல்வார்.

நான் அப்பாவைப் பற்றிப் பேசினேன். அப்பா கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கோயில் திருவிழா வந்தால் மைக் அவர் கையில்தான். "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்குவார். பிறகு, மழையைக் கண்ட பயிர் போல, தாயைக் கண்ட கன்று போல, அம்மனைக் காணக் கூடியிருக்கும் பக்த கோடிகளே என்று அடுக்கடுக்காக வரும். வரிசையில் நிற்கும் கூட்டம் நிமிர்ந்து பார்க்கும். அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். நல்ல பேச்சென்றால் அதுதான் என்று நம்பினேன். அப்பா பேசியது நல்ல பேச்சு என்று இன்றும் நம்புகிறேன். அந்த நகைகளையெல்லாம் ஆங்கிலத்துக்குப் போட்டு மேடையேற்றினேன்.

அன்று எனக்கு நிறைகுறை சொன்னவர் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். எல்லாருக்கும் அவர் அக்கா. மேடையில் ஆங்கிலத்தில் இரண்டு நல்ல வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்து மைலோ குடிக்கும்போது பக்கத்தில் வந்து தமிழில் சொன்னார்: "பதினோரு உவமை வந்துச்சும்மா. எண்ணிக்கிட்டே இருந்தேன். அதுல ஒன்னுகூட இப்ப ஞாபகம் இல்ல. அந்தச் சைக்கிள் மணி மட்டும் காதுல நிக்குது."

சைக்கிள் மணி உவமையே இல்லை. இரண்டு உவமைகளுக்கு நடுவே போகிற போக்கில் எழுதிய வரி. அப்பா விடியற்காலை ஐந்து மணிக்கு இருட்டில் சைக்கிளை எடுப்பார். லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையின், கடைசி வீட்டைத் தாண்டித் திரும்பும்போது ஒரே ஒரு தடவை மணி அடிப்பார். கண் தெரியாத பாட்டி அந்த ஓசையைக் கேட்ட பிறகுதான் மறுபடி படுப்பார். அவ்வளவுதான்.

அன்றிரவு எல்.ஆர்.டி. ரயிலில் வீட்டுக்கு வரும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. அதே அடுக்குமொழியை அப்பா பேசினால் கூட்டமே நிமிர்கிறது. நான் ஆங்கிலத்தில் பேசினால் ஒன்றுகூட ஏன் ஒட்டவில்லை? இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை ஒரு நாளில் வரவில்லை. புகழ்பெற்ற ஆங்கில உரைகளை எடுத்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிப் பார்த்துப் பார்த்துத்தான் பிடிபட்டது.

முதலில் பிடிபட்டது லிங்கனிடம். 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில் அவர் பேசியது சுமார் 270 சொற்கள். அவருக்கு முன்னால் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசியிருந்தார். லிங்கன் உரையின் கடைசியில் வரும் தொடர் எல்லாருக்கும் தெரியும்: ஆஃப் த பீப்பிள், பை த பீப்பிள், ஃபார் த பீப்பிள். பீப்பிள் என்ற சொல் மூன்று முறையும் கடைசியில் வந்து விழுகிறது. முன்னால் நிற்கும் பொடிச்சொல் மட்டும் மாறுகிறது. இதைத் தமிழில் சொல்லுங்கள்: மக்களுடைய, மக்களால், மக்களுக்காக. மக்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள், மாறுவது வால். ஒரே கருத்து, ஒரே எண்ணிக்கை. ஆனால் ஆங்கிலத்தில் ஈற்றில் திரும்பி வரும் எபிஸ்ட்ரஃபி, தமிழுக்கு வந்ததும் முதலில் திரும்பி வரும் அனாஃபரா ஆகிவிடுகிறது. நமக்கு வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறது, அவர்களுக்கு முன்னால் நிற்கிறது. காரணம் அவ்வளவுதான். இதைக் கண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் என் பிரச்சினையின் வேர் அங்கே இருந்தது. தமிழில் வாக்கியத்தின் கடைசி இடம் பெரும்பாலும் வினைக்குச் சொந்தம். வந்தார்கள், நின்றார்கள், வணங்கினார்கள் என்று ஈற்றொலி தானாகவே ஒத்துப்போகும். அதற்காக யாரும் பாடுபட வேண்டியதில்லை. அதனால் மேடைப் பேச்சாளர் தன் திறமையை முன்னாலும் நடுவிலும் காட்டுகிறார். ஆங்கிலத்தில் கடைசி இடம் பெரும்பாலும் காலி நாற்காலி. அதில் எதை உட்கார வைக்கிறோமோ அதுதான் கேட்பவர் காதில் தங்கும். நானோ அங்கே ஆல்ரெடி, ஆல்சோ, ஒன்லி என்று எதையாவது உட்கார வைத்துப் பழகியிருந்தேன். நம் ஊர் ஆங்கிலப் பேச்சில் அது இயல்பு. பேசும்போது அதில் ஒரு நெருக்கமும் இருக்கிறது. எழுத்தில் அது வாக்கியத்தின் பலத்தைக் குடித்துவிடும்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன், என் பிள்ளைகளுக்கும் முதல் வாரமே அதைத்தான் கொடுக்கிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் பென்சிலால் வட்டமிட வேண்டும். வட்டத்துக்குள் இருக்கும் சொற்களை மட்டும் மேலிருந்து கீழே வாசிக்க வேண்டும். அதில் கட்டுரையின் சாரம் தெரிந்தால் சரி. வெறும் துணைச்சொற்கள் வரிசையாக வந்தால் வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டும். என் பழைய வரியில் அப்பா மணியடித்தது நடுவில் எங்கோ புதைந்து கிடந்தது. வாக்கியம் "காலை நேரத்தில்" என்று முடிந்தது. திருத்தி எழுதியது இப்படி: அட் த லாஸ்ட் ஹவுஸ், இன் த டார்க், ஹீ ராங் த பெல். ஒரு சொல்கூட அகராதி பார்க்க வேண்டியதில்லை. மணி கடைசியில் ஒலிக்கிறது.

கென்னடியின் 1961 ஜனவரி 20 பதவியேற்பு உரையையும் இப்படித்தான் பிரித்துப் பார்த்தேன். நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே, நீ நாட்டுக்கு என்ன செய்வாய் என்று கேள். தமிழில் யார் யாருக்குச் செய்கிறார் என்பதை உருபு காட்டிவிடும். சொற்களை முன்பின் மாற்றினாலும் பொருள் தடுமாறாது. ஆங்கிலத்தில் இடம்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. கன்ட்ரியும் யூவும் இடம் மாறிக்கொண்டால் செய்பவரும் பெறுபவரும் மாறிவிடுகிறார்கள். அதனால்தான் இந்தக் குறுக்கு மாற்று அவர்கள் காதில் சாட்டை போல விழுகிறது. கையாஸ்மஸ் என்ற பெயரைப் பிள்ளைகள் மறந்தால் பரவாயில்லை. ஆங்கிலத்தில் இடம் மாறினால் உறவு மாறும் என்பதை மறக்கக்கூடாது.

சர்ச்சில் மட்டும் எனக்குத் தனி. அந்த ஏகாதிபத்திய மனிதரின் அரசியலை நான் ஏற்பவளல்ல, தோட்டத்தில் பிறந்த யாரும் ஏற்பது கடினம். ஆனால் 1940 ஜூன் 4 அன்று நாடாளுமன்றத்தில் அவர் ஆற்றிய உரையின் முடிவுப் பகுதியைப் போல திரும்ப வரும் சொல்லைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தியது வேறொன்றும் இல்லை. "வீ ஷல் ஃபைட்" என்பது அங்கே ஏழு முறை வருகிறது. வெறுமனே ஏழு முறை சொன்னால் சலித்துவிடும். ஏன் சலிக்கவில்லை? ஒவ்வொரு முறையும் அதன் பின்னால் வரும் இடம் மாறுகிறது. பிரான்ஸ், கடல், வானம், பிறகு கடற்கரை, தரையிறங்கும் இடம், வயலும் தெருவும், மலை. வரைபடத்தை விரித்து வைத்துப் பாருங்கள்: எதிரி ஒவ்வொரு அடியாக வீட்டுக்குள் நெருங்கி வருகிறான். திரும்ப வரும் சொல் அசையாமல் நிற்கிறது, கதை நகர்கிறது. கடைசியில் சரணடையமாட்டோம் என்று சொல்லும்போது இடமே சொல்லவில்லை. இவ்வளவுக்கும் அதில் ஒரு உவமைகூட இல்லை.

நான் அதுவரை திரும்பச் சொல்வது என்றால் ஒரே கருத்தை மூன்று பெயரடையில் சொல்வது என்று நினைத்திருந்தேன். அப்பா அன்பானவர், பாசமானவர், நேசமானவர் என்பது போல. அதில் எதுவுமே நகரவில்லை. அன்பும் பாசமும் நேசமும் தமிழ்க் காதுக்கு மூன்று சுவை. ஆங்கிலத்தில் போட்டால் ஒரே தண்ணீரை மூன்று டம்ளரில் ஊற்றியது போலத்தான்.

மறு வருடம் அதே பேச்சை வேறு விதமாக எழுதினேன். உவமை ஒன்றும் இல்லை. மணி மட்டும் மூன்று இடத்தில். முதலில் பாட்டிக்காக அடிக்கும் மணி. அடுத்தது பாட்டி இறந்த மறுநாள். பழக்கத்தில் அப்பா கடைசி வீட்டருகே கையை மணிக்குக் கொண்டுபோய், அடிக்காமல் போனார். மூன்றாவது, தோட்டம் கைமாறி ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது நாங்கள் வெளியேறிய நாள். சாமான் எல்லாம் லாரியில். அப்பா பின்னால் சைக்கிளில். லயம் முழுக்கக் காலியாக இருந்தது. கடைசி வீட்டைத் தாண்டும்போது அப்பா மணி அடித்தார்.

பேசி முடித்தபோது சிவப்பு விளக்கு எரிந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. அக்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு நான் எதையும் எண்ணலைம்மா" என்றார்.

அப்படியானால் உவமையே வேண்டாமா? வேண்டும். ஆனால் உவமைக்கு ஒரு சோதனை உண்டு, அது நம் கையிலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் உவமவியல், உவமை தோன்றும் இடங்கள் வினை, பயன், மெய், உரு என்று நான்கே என்கிறது. அதாவது செயல், விளைவு, வடிவம், நிறம். இந்த நான்கில் எது ஒத்துப்போகிறது என்று சொல்ல முடியாவிட்டால் உவமை பொய். ஆங்கிலக் கட்டுரைக்கும் இந்தச் சோதனை அப்படியே பொருந்துகிறது. போன வருடம் ஒரு பையன் தன் அம்மாவைப் பற்றி எழுதினான். அம்மா காலையில் சாலையோரத்தில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கிறார். தேனீயைப் போலச் சுறுசுறுப்பு என்று எழுதியிருந்தான்.

"தேனீ என்ன செய்யும்?" என்றேன்.

"பறந்துக்கிட்டே இருக்கும் டீச்சர். பூவுக்குப் பூ போகும்."

"அம்மா?"

யோசித்தான். "அம்மா நகரவே நகராது டீச்சர். ஒரே எடத்துல நிக்கும். கை மட்டும்தான் போகும்."

வினை ஒத்துவரவில்லை. தேனீயை அடித்தான். அடுத்த வாரம் மிஷின் போல என்று எழுதி வந்தான். வினை சரியாக வந்தது, வேகமும் வந்தது. ஆனால் சத்தமாக வாசிக்கும்போது அவனே நிறுத்தினான். "இல்ல டீச்சர். அம்மாவுக்குக் கஸ்டமர் பேரு எல்லாம் தெரியும். மிஷினுக்கு எப்படித் தெரியும்?" அதையும் அடித்தான். கடைசியில் நின்ற வரி: ஹர் ஹேண்ட்ஸ் கவுன்ட் த மணி, ஹர் ஐஸ் கிரீட் த கஸ்டமர். கை காசை எண்ணுகிறது, கண் ஆளை வரவேற்கிறது. அணி எங்கே போனது என்று கேட்டான். கையும் கண்ணும், காசும் ஆளும் எதிரெதிரே நிற்பதைக் காட்டினேன். ஒரே அளவில் இரண்டு தொடர், எதிரெதிர்ப் பொருள். மனப்பாடத் தாளில் அது கிடைத்திருக்காது.

அதே உவமவியலில் இன்னொன்றும் உண்டு: உவமைப் பொருள் உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது. அப்பாவின் மேடைக்கு அது பொருந்தியது. அம்மன் சன்னதியில் மழையும் தாயும் வராமல் வேறென்ன வரும்? இன்றைய ஆங்கிலக் கட்டுரை வாசகருக்கோ உயரத்தைவிட அருகாமை பிடிக்கிறது. மழைக்காலத்தில் காயாத பள்ளிக் காலணி, மரத்தில் கட்டிய மங்கில் இறுகிப்போன ரப்பர் பால் என்று கைக்கு எட்டும் பொருளை வைத்தால் நம்புவார். நாம் எந்தச் சபையில் நிற்கிறோம் என்று பார்த்துத்தான் நகை போட வேண்டியிருக்கிறது.

அணிகளின் கிரேக்கப் பெயர்களைப் பிள்ளைகள் முன்னால் கொட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் பொருளணி முப்பத்தைந்தைப் பேசுகிறது, சொல்லணியைத் தனியே வைக்கிறது. ஆங்கில அணியிலக்கணமும் பொருள் திரிவது ஒரு வகை, சொல் அடுக்குவது ஒரு வகை என்றுதான் பிரிக்கிறது. ஒரு வரி முடிந்த சொல்லிலேயே அடுத்த வரி தொடங்கினால் நமக்கு அந்தாதி. ஒரு சொல் ஓரிடத்தில் நின்று பல தொடருக்கும் வெளிச்சம் கொடுத்தால் தீவகம். விளக்கு என்று பொருள், எவ்வளவு அழகான பெயர்! ஆங்கிலத்தில் அதற்கு நெருங்கிய உறவு ஜூக்மா. அவள் பஸ்ஸையும் பொறுமையையும் தவறவிட்டாள் என்பது போன்ற வரி. எஸ்.பி.எம்.முக்குத் தமிழ் இலக்கியம் எடுக்கும் ஒரு மாணவி இதைக் கேட்டதும் "தீவகம்தானே டீச்சர்" என்றாள். ஆங்கிலம் அவளுக்கு அந்த நிமிடத்திலிருந்து அந்நிய வீடாகத் தெரியவில்லை.

தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பெற்றோர் கவலை அதுதான். 2021ல் மாறிய எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தாளில் மூன்று பகுதி. முதலாவது சுமார் 80 சொல் மின்னஞ்சல், இரண்டாவது 125லிருந்து 150, மூன்றாவது 200லிருந்து 250. உள்ளடக்கம், வாசகரிடம் சேரும் விதம், அமைப்பு, மொழி என்று நான்கு வகையில் மதிப்பிடுகிறார்கள். மூன்றாம் பகுதியே பதினைந்து வாக்கியத்துக்குள் முடிந்துவிடும். அதில் ஆறு அலங்காரம் வைத்தால் ஆள் தெரியமாட்டார். ஒரு படிமம், ஒரு திரும்பும் சொல். என் மேசையில் அனுமதி அவ்வளவுதான். அந்த அலங்காரத்தை எடுத்துவிட்டு வாசித்தால் வலிக்க வேண்டும். வலிக்காவிட்டால் அது போகட்டும். மின்னஞ்சலில் அதுவும் வேண்டாம், நண்பனுக்கு எழுதும்போது யாரும் பொற்கதிர் வீசுவதில்லை.

இந்த வாரம் லைடட்டீஸ். மறுத்துச் சொல்லிப் பாராட்டுவது. ஆங்கிலேயரின் தனிக்குணம் என்று பலர் சொல்வார்கள், நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அப்பா ஒருநாளும் என் மதிப்பெண்ணைப் பார்த்து நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. "மோசமில்ல" என்பார். அதைச் சொல்லிவிட்டு ரிப்போர்ட் கார்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்கக் காட்டிவிட்டு வருவார். அதனால் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம்: வெள்ளிக்கிழமைக்குள் வீட்டில் யாராவது இல்லை என்று சொல்லிப் பாராட்டுவதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதி வர வேண்டும். பிறகு அதை ஆங்கிலமாக்க வேண்டும்.

ஒருத்தி நேற்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். முதல் முறையாக அவள் தனியாக மீன் குழம்பு வைத்திருக்கிறாள். பாட்டி இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு சொன்னாராம்: "உப்பு ஒன்னும் கொறையல." இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது டீச்சர் என்று கேட்டிருக்கிறாள். நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. அவள் முதலில் நான்கைந்து விதமாக எழுதிப் பார்க்கட்டும்.